வருத்தம் யார் மேல்?

சோறு என் தொண்டையால் இறங்காமல் விட்டது தவக்காலத்தின் முதற்கிழமையில். சாப்பிட முடியாத ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான காலம் வாய்க்காது. ஊர் முழுக்க ஒருசந்தி பிடித்து ஒருநேரச் சாப்பாட்டோடு இருந்தது. நான் அந்த ஒருநேரமும் சாப்பிடாமல் இருப்பதைக் கண்ட சனம், சூசை மனந்திரும்பிவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டது. கோயில் வாசலில் ஒரு மாமி என்னைக் காட்டித் தன் மருமகனுக்குப் புத்தி சொன்னார்.

"அவனைப் பார். போன வருசம் பெரிய வெள்ளியிலையும் பகிடி விட்டுக்கொண்டு திரிஞ்சவன். இண்டைக்குப் பச்சைத் தண்ணியோடை நிக்கிறான். உனக்கென்ன கேடு?"

எனக்கு மறுத்துச் சொல்ல மனம் வரவில்லை. முப்பத்தாறு வயது வரைக்கும் என்னை யாரும் நல்லதுக்கு உதாரணமாகக் காட்டியதில்லை. ஒரு கிழமைக்கு அந்தப் பெயரை வைத்திருந்து பார்த்தேன். அருமையாகத்தான் இருந்தது. பசிதான் தாங்க முடியவில்லை.

சகோதரங்களே, பகிடிக்காரன் சாட்சி சொல்ல வந்துவிட்டான் என்று சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். ஆனால் நான் எழுதுவது நடந்தது. கொம்பனி பஸ்கள் போய் அரசாங்க பஸ்கள் ஓடத் தொடங்கிய அடுத்த வருசம், மாசி நடுவிலிருந்து பங்குனி முடியும் மட்டும், நான் செத்துப்போவேன் என்றுதான் இருந்தேன். சாகாமல் விட்டது மாதாவின் இரக்கம். அந்த இரக்கம் எந்த வழியால் வந்தது என்பதைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் நடந்தபடியே சொல்கிறேன்.

ஒரு பிடி சோற்றை வாயில் வைப்பேன். மெல்லுவேன். விழுங்கப் போகும்போது தொண்டைக்குள் யாரோ சுருக்குக் கயிறு போட்டு இழுத்ததுபோல இறுகும். அவ்வளவுதான். தண்ணீர் இறங்கும். கஞ்சித்தண்ணீரும் இறங்கும். அந்தக் கஞ்சியில் ஒரு பருக்கை மிதந்தால் அது மட்டும் இறங்காது. என் மனைவி திரேசம்மா கஞ்சியை மூன்றுதரம் துணியால் வடித்துத் தருவாள்.

"இஞ்சாருங்கோ, இதிலை இப்ப ஒண்டுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு குடியுங்கோ."

"ஒண்டுமில்லாததைக் குடிக்க ஏனப்பா கண்ணை மூட?" என்று பகிடி விடுவேன். அவள் சிரிக்கமாட்டாள். குசினிக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

அவளுக்குத் தெரியும், நான் எதை நினைத்துப் பயப்படுகிறேன் என்று. என் ஐயா தொண்டையில் புற்று வந்துதான் போனவர். அவருக்கும் முதலில் சோறு இறங்கவில்லை. பிறகு கஞ்சி இறங்கவில்லை. பிறகு தண்ணீர். நான் முதற்படியில் நிற்கிறேன் என்று விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் முல்லைத்தீவுக் கடற்கரைச் சனம். மாரி அடங்கிப் பங்குனியில் கரைவலை இறக்கினால்தான் எங்கள் அடுப்பில் நெருப்பு. அந்த வருசம் வலை வளைத்த முதல் நாள் கயிற்றைப் பிடித்தேன். நான் கயிற்றை இழுக்கவில்லை, கயிறு என்னை இழுத்துக்கொண்டு கடலுக்குப் போனது. மணலில் குந்திவிட்டேன். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் நல்ல மனிதர். "சூசை, நீ கரையிலை இருந்து மீனுக்குக் காவல் இரு" என்றார். காகம்கூட எனக்குப் பயப்படவில்லை. சட்டையைப் போட்டால் கொடியில் காயப் போட்டதுபோல ஆடும். எங்களுக்கு மூன்று பிள்ளைகள். கடைக்குட்டிக்கு அப்போது இரண்டு வயது. அவள் என் மடியில் ஏறி இருந்தால் எலும்பு குத்துகிறது என்று இறங்கிப் போய்விடுவாள்.

பரியாரியார் நாடி பிடித்துப் பார்த்து வாய்வு என்றார். அவர் தந்த கசாயம் நன்றாக இறங்கியது. அதன் பிறகும் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்குத்தர் கரண்டியால் நாக்கை அமத்தி, டோர்ச் அடித்துப் பார்த்தார். கழுத்தைச் சுற்றிவரத் தடவிப் பார்த்தார். பிறகு எக்ஸ்ரேப் படம் பிடிக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்தார். அங்கேயும் போய்ப் படம் பிடித்துக்கொண்டு வந்தேன். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு டாக்குத்தர் சொன்னார்:

"தொண்டையிலை ஒண்டும் இல்லை, தம்பி. புற்றும் இல்லை, கட்டியும் இல்லை. போய்ச் சாப்பிடும்."

இப்படி ஒரு சொல்லைக் கேட்டால் வேறு ஒருவன் துள்ளிக் குதித்திருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஒன்றும் இல்லை என்று சொல்கிறார் என்றால் எல்லாம் முடிந்துவிட்டது, அதுதான் மறைக்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை அலுமாரிக்குள் வைத்தேன். என் செத்தவீட்டுக்கு ஒரு நல்ல படம் இல்லையே என்று கவலையாக இருந்த எனக்கு அதுவாவது கிடைத்தது.

கடைசியில் மாதாவிடம் போனேன். முதலில் அங்கே போயிருக்கவேண்டும் என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. எங்கள் கோயில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற சின்னக் கோயில். ஒன்பது நாள் நவநாள் வைத்து, பின்னேரங்களில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் முழங்காலில் நிற்பேன். முதல் நாள் நான் செய்த செபத்தைக் கேளுங்கள்: "மாதாவே, ஒரு பிடி சோறு இறங்கினால் உமக்கு ஒரு பெரிய மெழுகுதிரி கொளுத்துவன். இறங்காட்டி அதே மெழுகுதிரியை என்ரை தலைமாட்டிலை கொளுத்துவினம். எப்பிடியும் மெழுகுதிரி விக்கிறவனுக்கு யாவாரம்."

அந்தத் தாய்க்கு முன்னாலும் என்னால் பகிடி விடாமல் நிற்க முடியவில்லை. எட்டு நாளும் இப்படித்தான். ஒவ்வொரு நாளும் ஒரு புதுப் பகிடியோடு போவேன், அதைச் சொல்லிவிட்டு எழும்பி வருவேன். ஒன்பதாம் நாள் முழங்காலில் நின்று வாயைத் திறந்தேன். ஒரு பகிடியும் வரவில்லை. எனக்கே பயமாகப் போய்விட்டது. "தாயே, எனக்கு ஏலாது" என்று மட்டும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் செபம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த நாள் காலை திரேசம்மா என்னை நாலு மைல் தூரத்தில் இருக்கிற கன்னியர் மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு சின்ன மருந்துச்சாலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு சிஸ்ரர் அங்கே வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. எங்கள் தமிழ் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. அவருடைய தமிழ் எங்களுக்கும் அப்படித்தான்.

திரேசம்மா முறையிட்டாள். "சிஸ்ரர், இவருக்கு ஒரு மாசத்துக்கு மேலாய் வருத்தம். சாப்பிடுறாரில்லை."

நம்முடைய பக்கத்தில் வருத்தம் என்றால் நோய். காய்ச்சல் வந்தவன் வருத்தக்காரன். இதை விளக்கவேண்டியதில்லை. ஆனால் அந்தச் சிஸ்ரருடைய ஊரில் வருத்தம் என்றால் மனத்தாங்கல். ஒருவரோடு மனம் நொந்துபோய் இருப்பது. அது எங்களுக்குத் தெரியாது, எங்கள் வருத்தம் அவருக்குத் தெரியாது. மனம் நொந்த மனிதன் சாப்பிடாமல் கிடக்கிறான் என்றுதான் அவர் விளங்கிக்கொண்டார். கதிரையை இழுத்து எனக்கு நேரே போட்டுக்கொண்டு இருந்தார். நாடி பார்க்கவில்லை. நாக்கைக் காட்டச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"யார் மேல வருத்தம்?"

இது என்னடா கேள்வி என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. மேல் என்றால் நமக்கு உடம்பு. வருத்தம் யாருடைய உடம்பில் என்று கேட்கிறார், பக்கத்தில் நிற்கிற மனைவிக்கா எனக்கா என்று தெரியவில்லை போலும் என்று நினைத்தேன். கறுத்த கருவாடுபோல நான் இருக்க, இவருக்கு இதிலும் சந்தேகமா?

"என்ரை மேலைதான் சிஸ்ரர்" என்றேன். "வேறை ஆரின்ரை மேலை?"

அவருடைய முகம் மாறிவிட்டது. "உங்க மேலயேவா?" என்றார். குரல் தணிந்துவிட்டது. "அப்படி என்னங்க தப்பு செஞ்சுட்டீங்க?"

நான் பதிலுக்கு ஒரு பகிடி விடத்தான் வாயைத் திறந்தேன். உண்மையாகச் சொல்கிறேன், பகிடி நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வெளியில் வந்தது வேறு.

"அண்ணையின்ரை பாட்டை நிப்பாட்டிப்போட்டன்."

திரேசம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அழுதேன். பெரிய ஆண்பிள்ளை, மூன்று பிள்ளைகளின் தகப்பன், மருந்துப் போத்தல்களுக்கு நடுவில் இருந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கண்டவர்கள் பலர் இருக்கிறீர்கள். என்றாலும் செய்தவன் சொல்லவேண்டும்.

என் அண்ணை வஸ்தியானுக்குச் சிறு வயதிலிருந்தே வாய் கொன்னும். ஒரு சொல்லைச் சொல்லப் போனால் முதல் எழுத்திலேயே நின்று தட்டிக்கொண்டிருப்பார். ஆனால் பாட்டென்றால் ஒரு தடக்கல் இராது. வலை இழுக்கும்போது அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவர் அவர்தான். அவர் பாட்டுக்கு முப்பது பேரின் கை ஒன்றாக அசையும். அதைக் கேட்டுத்தான் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார், தை மாதப் பெருநாள் கூத்தில் அவருக்கு ராசா வேசம் கொடுத்தார். அவருக்காகவே வசனங்களை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் பாட்டாகக் கட்டிக் கொடுத்தார். நாற்பது வயதில் அண்ணை முதல்முறை மேடை ஏறப் போகிறார். எனக்குக் கட்டியகாரன் வேசம். ராசாவுக்கு முன்னே வந்து சனத்தைச் சிரிக்கவைத்து, ராசா வருகிறார் என்று அறிவிக்கிற வேலை.

அன்று பொழுதுபட்ட கையோடு கூத்துத் தொடங்கியது. நான் விட்ட முதல் இரண்டு பகிடிக்கும் சனம் சிரிக்கவில்லை. பகிடிக்காரனுக்கு அதைவிடப் பெரிய பயம் இல்லை. மூன்றாவதாக, ராசா வருகிறார் என்று சொல்லவேண்டிய வரியை அண்ணை கொன்னுவதுபோலவே கொன்னிச் சொன்னேன். சொல் வராதபோது அவருடைய கழுத்து வெட்டுமே, அதையும் விடவில்லை. கொட்டகை அதிர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் வாங்கியதில்லை. அந்தச் சிரிப்புக்குள்தான் அண்ணை முடியோடும் உடுப்போடும் வந்தார். மத்தளம் அடித்தது. அண்ணாவியார் முதல் அடியை எடுத்துக் கொடுத்தார். அண்ணை வாயைத் திறந்தார். பாட்டு வரவில்லை. அண்ணாவியார் இன்னொருதரம் எடுத்துக் கொடுத்தார். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கிப்போனது. அண்ணையின் தொண்டை ஏறி இறங்குவதை நான் இரண்டு முழத்துக்குள் நின்று பார்த்தேன். அவர் முடியைக் கழற்றி மத்தளக்காரரின் பக்கத்தில் மெதுவாக வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். விடியப் பார்த்தால் அவருடைய வீடு பூட்டிக் கிடந்தது. அவர் தனிக்கட்டை, மறிக்க ஆளில்லை. ஆனையிறவு உப்பளத்தில் கூலிக்கு நிற்கிறார் என்று பிறகு ஆட்கள் சொன்னார்கள். நான் அந்தக் கதை வந்தால் எழும்பிப் போய்விடுவேன். நாலைந்து கிழமையில் என் தொண்டை இறுகியது. இரண்டையும் நான் ஒருநாளும் சேர்த்து நினைக்கவில்லை. புத்திசாலிதானே நான்.

நான் சொல்லி முடித்த பிறகுதான் திரேசம்மா மெதுவாகக் கேட்டாள். "சிஸ்ரர், இவரின்ரை தொண்டை வருத்தத்துக்கு மருந்து?"

"தொண்டையில வருத்தமா?" என்று சிஸ்ரர் முழித்தார். பிறகு எங்கள் சொல்லுக்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நான் மனசு நோவுன்னுல்ல நெனைச்சேன். அப்போ மனசு நோவுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?"

"கவலை எண்டு சொல்லுவம்" என்றாள் திரேசம்மா. பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "இவருக்கு எது எண்டு எனக்கு இப்ப தெரியேல்லை, சிஸ்ரர்" என்றாள்.

சிஸ்ரர் குழாய் வைத்து நெஞ்சைப் பார்த்தார். டாக்குத்தர் சொன்னதைக் கேட்டுவிட்டு, அவர் சொன்னது சரி, பயப்படாதீர்கள் என்றார். ஒரு போத்தல் மருந்தும் தந்தார். "இது உடம்புக்குத் தெம்பு தரும். ஆனா மொதல்ல அண்ணனைப் போய்ப் பாருங்க. பயம் ஒரு பக்கம், குத்தவுணர்ச்சி ஒரு பக்கம்னு ரெண்டும் சேந்து கழுத்தை நெரிச்சா சோறு எப்படிங்க இறங்கும்?"

நான் ஒன்பது நாள் நமது தமிழில் கேட்டேன். மாதா திருநெல்வேலித் தமிழில் பதில் சொன்னார்.

அடுத்த நாளே வெளிக்கிட்டேன். பரந்தனில் இறங்கி வேறு பஸ் பிடித்து ஆனையிறவில் போய் நிற்க வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. உப்புப் பாத்திகளின் வெள்ளையில் கண் கூசியது. அண்ணை ஒரு பாத்திக்குள் நின்று உப்பை வாரிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டார். வாருவதை நிறுத்தவில்லை. நான் வரம்பில் நின்றேன்.

அவர் பேசியதை நான் நேராகவே எழுதுகிறேன். அவர் ஒவ்வொரு சொல்லையும் எவ்வளவு பாடுபட்டுச் சொன்னார் என்பதை எழுத்தில் இழுத்துக் காட்ட எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கெட்டித்தனத்தால் வந்ததுதான் எல்லாம்.

"ஏன் வந்தனி?" என்றார்.

"மன்னிப்புக் கேக்க வந்தனான் அண்ணை."

"அப்ப கேள்."

பாத்திக்குள் இறங்கி முழங்காலில் நின்றேன். உப்புத் தண்ணீரில் காலில் இருந்த கீறலெல்லாம் எரிந்தது. "நான் செய்தது பிழை அண்ணை. என்னை மன்னியுங்கோ" என்றேன். அவர் வாரிய உப்பை வரம்பில் கொட்டினார்.

"சனம் சிரிச்சது எனக்கு நோகேல்லை" என்றார். "சனம் நெடுகச் சிரிக்கிறதுதான். பின்னாலை நிண்டு பாத்தனான், நீ சிரிப்பிக்கிறாய். அதுதான் தொண்டையைப் பிடிச்சது."

அப்போதுதான் அவர் என்னை வடிவாகப் பார்த்தார்.

"எழும்படா. என்ன கோலமிது? எலும்பும் தோலுமாய்."

"சாப்பாடு இறங்குதில்லை அண்ணை."

"எப்ப தொடக்கம்?"

"நீங்கள் போனாப் பிறகு."

அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். முதற்சொல்லிலேயே தடக்கிக்கொண்டது. சின்ன வயதிலிருந்து அவர் தடக்கினால் நான் முந்திக்கொண்டு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பேன், அல்லது அதில் ஒரு பகிடி செய்வேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேன். வெயில் தலையில் இறங்கியது. அவருடைய கழுத்து இரண்டுதரம் வெட்டியது. நான் காத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் முழுவதையும் சொல்லி முடித்தார்.

"நான் உப்பளத்திலை நிக்கிறன் எண்டெல்லோ நினைச்சன். நான் உன்ரை தொண்டைக்குள்ளையோ நிண்டனான்?"

என் அண்ணை பகிடி விடுவார் என்று எனக்குத் தெரியாது. நாற்பது வருசமாக யாரும் முடியும்வரைக்கும் நின்று கேட்கவில்லை. நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். சிரிப்பிலேயே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

தகரக் கொட்டகைக்குக் கீழே இருந்து தன் சோற்றுப் பொதியை அவிழ்த்தார். சோறும் கருவாட்டுக் குழம்பும். என்னையும் கைவைக்கச் சொன்னார். திரேசம்மாவையும் பிள்ளைகளையும் விசாரித்தார், கரைவலையில் என்ன மீன் படுகிறது என்று கேட்டார். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கன நேரம் கழித்துத்தான் இலையைப் பார்த்தேன். வெறும் இலை. அண்ணை இரண்டு வாய்தான் தின்றிருப்பார்.

"எல்லாத்தையும் நான் திண்டுட்டன் அண்ணை" என்றேன்.

"கண்டனான்" என்றார்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொன்னால் அது பொய்ச் சாட்சி. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் தொண்டை திரும்பவும் இறுகியது. பயந்துபோனேன். திரேசம்மா கஞ்சி வடிக்கத் துணியை எடுக்கவில்லை. "அண்ணருக்கு ஒரு காயிதம் எழுதுங்கோ" என்றாள். எழுதினேன். இறுக்கம் வரும், போகும், வரவர இடைவெளி கூடியது. டாக்குத்தரிடமும் திரும்பப் போனேன். அலுமாரிக்குள் இருந்த படத்தைக் கொண்டுபோய், இதில் உண்மையாகவே ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். "ஒரு மாசத்துக்கு முதலே சொன்னனான், தம்பி" என்றார். இந்தமுறை நம்பினேன். உயிர்த்த ஞாயிறு வந்தபோது முழுக் கோப்பை சோறு சாப்பிட்டேன். என்னைப் புனிதன் என்று நினைத்த சனம் மிகவும் ஏமாந்துபோனது.

அந்த உயிர்ப்புப் பெருநாளுக்கு, பாஸ்காவுக்கு, அண்ணை ஊருக்கு வந்தார். அடுத்த வருசம் ஒரேயடியாக வந்துவிட்டார். வலை இழுக்கும்போது அம்பா படிக்கிறார். கூத்துக்கு மட்டும் அவர் திரும்ப வரவில்லை. அண்ணாவியார் எத்தனையோ முறை கேட்டார், நானும் கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். அதை அவரிடமிருந்து எடுத்தவன் நான்தான், திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை. அதற்காக இன்றைக்கும் செபிக்கிறேன்.

படித்த ஒருவர் என்னிடம் சொன்னார், "இதிலை மாதா செய்த புதுமை ஒண்டுமில்லை, சூசை. மனசு செய்த வேலை" என்று. இருக்கட்டும். மனத்தையும் தொண்டையையும் படைத்தவர் ஒருவர்தானே. ஒரு சொல்லை இரண்டு பேர் இரண்டு விதமாக விளங்கி, அதற்குள்ளால் என்னை அண்ணையிடம் அனுப்பியவரும் அவர்தான் என்று நான் விசுவசிக்கிறேன். ஆனால் ஒன்று. என் ஐயாவுக்கு யாரோடும் மனத்தாங்கல் இருந்ததில்லை. அவருக்கு வந்தது நோய்தான். அதனால், நோயாளியைக் கண்டவுடன் என்ன பாவம் செய்தாய் என்று கேட்டுக்கொண்டு போகாதீர்கள்.

உங்களில் யாருக்காவது நெஞ்சு அடைத்தால், தலை இடித்தால், சோறு இறங்காவிட்டால், முதலில் டாக்குத்தரிடம் காட்டுங்கள். அவர் ஒன்றும் இல்லை என்று சொன்னால் என்னைப்போல செத்தவீட்டுக்கு ஆயத்தம் செய்யாதீர்கள். கோயிலுக்குப் போய் முழங்காலில் நில்லுங்கள். கெட்டித்தனமாக எதுவும் சொல்ல வேண்டாம். ஏலாது என்று சொன்னாலே போதும், அது மாதாவுக்கு விளங்கும். பிறகு உங்கள் மனத்தில் ஒரு முகம் வந்தால், அந்த ஆள் இருக்கிற ஊருக்கு எந்த பஸ் போகிறது என்று விசாரியுங்கள். நாளைக்கு என்று விடாதீர்கள். அங்கே உங்களுக்காகவும் ஒரு பிடி சோறு இருக்கும்.